உடையும் உரிமையும்: பண்டத்தரிப்புப் பிள்ளைகளின் உடுப்பு வரலாறு

ஒரு காலத்துப் பிள்ளைகள் எதனை உடுத்தார்கள் என்ற வினா முதற் பார்வையில் அற்பமானதாகவே தோன்றும். அரசர் ஆண்ட ஆண்டுகளும் போர் நடந்த களங்களும் எமது பாடநூல்களில் இடம்பெறுகின்றன. சிறுமி ஒருத்தியின் பாவாடைக்கும் சிறுவன் ஒருவனின் நாலுமுழத்துக்கும் அவற்றில் இடமில்லை. எனினும், சமுதாயத்தின் உள்ளமைப்பை அறிய விரும்புவோர்க்கு அரண்மனைக் கல்வெட்டைவிடச் சிறுபிள்ளையின் அரைத்துணி அதிகம் சொல்லவல்லது. அரசன் தான் சொல்ல விரும்பியதையே கல்லில் வெட்டுவித்தான். துணியோ, உடுத்தியவன் யார், உடுக்கவிடாது தடுக்கப்பட்டவன் யார் என்பதைச் சொல்லாமற் சொல்லிவிடுகிறது.

இவ்வினாவை இன்று எம்முன் புதிதாகக் கொணர்ந்திருப்பது ஒரு கணினி விளையாட்டு. அமெரிக்கரான வில் ரைட் என்பவரின் கற்பனையில் உருவாகி 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த ‘தி சிம்ஸ்’ என்னும் அவ்விளையாட்டில் போரில்லை, வெற்றி தோல்வியில்லை. ஆடுபவர் ஒரு குடும்பத்தைப் படைக்கிறார். அவர்களுக்கு வீடு கட்டுகிறார். உண்ணவும் உறங்கவும் தொழிலுக்குச் செல்லவும் வைக்கிறார். குழந்தை பிறந்து வளர்ந்து முதுமையடைவதைப் பார்த்திருக்கிறார். 2014இல் வெளியான அதன் நான்காம் பதிப்பை ஆடுவோரிடையே ஒரு வழக்கம் பரவியுள்ளது. 1890ஆம் ஆண்டளவில் ஒரு குடும்பத்தைத் தொடக்கி, தலைமுறை தலைமுறையாகப் பத்தாண்டுக்குப் பத்தாண்டு நடத்திச் சென்று, ஒவ்வொரு காலத்துக்கும் உரிய வீட்டையும் தளபாடத்தையும் உடையையும் அமைத்துக் காட்டுவதே அது. விளையாட்டோடு வரும் உடைகள் இதற்குப் போதா. ஆகவே ஆடுவோர் பழைய படங்களையும் தையற் புத்தகங்களையும் தேடிப்பிடித்து, அக்காலச் சிறுவரின் சட்டைகளையும் இளம்பருவத்தினரின் கவுன்களையும் தாமே கணினியிற் செய்து, கூலி எதிர்பாராது பிறருக்கும் வழங்குகின்றனர். உழைப்பின் மகிழ்ச்சிக்காக உழைப்பவரை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. அவர்களது கேள்வி உண்மையான வரலாற்றுக் கேள்வியே.

இவ்விளையாட்டின் உடுப்பு அலுமாரி எவ்வாறு திறக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. அதற்கு மூன்று கதவுகள் உள. முதலாவது வயது: குழந்தைக்கும் சிறுவர்க்கும் தனித்தனி உடலமைப்பு வகுக்கப்பட்டிருப்பதால் அவர்களின் உடைகளைத் தனியே செய்தல் வேண்டும், இளம்பருவத்தினரோ வளர்ந்தோரின் உடலமைப்பையே பகிர்ந்துகொள்வதால் வளர்ந்தோரின் உடை அவர்களுக்கும் பொருந்தும். இரண்டாவது பால். மூன்றாவது சந்தர்ப்பம்: அன்றாட உடை, விழாவுடை, உறக்கவுடை என்றவாறு. இம்மூன்றனுள் பாலென்னும் கதவின் பூட்டு 2016ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அகற்றப்பட்டது. அன்றுமுதல் எவ்வுடையையும் எவரும் அணியலாம் என ஆக்கினர். நிரலில் ஒரு திருத்தம், பூட்டுப் போயிற்று.

இனி, எமது இளைஞர் ஒருவர் தமது குடும்பத்தை 1820ஆம் ஆண்டின் பண்டத்தரிப்பிற் குடியேற்ற விரும்புகிறார் எனக் கொள்வோம். அக்குடும்பத்துப் பிள்ளைக்கு அவர் எதனை உடுத்துவார்?

வலிகாமத்தின் மேற்கே அமைந்த பண்டத்தரிப்பு, அயலவர் கண்ணுக்கு நெடுங்காலமாகவே புலப்பட்ட ஊர். போர்த்துக்கேயர் காலத்தில் அங்கு தேவாலயம் எழுந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அது அவர்கள் வசமாயிற்று. ஒல்லாந்தப் போதகர் பால்தேயுஸ் 1672இல் வெளியிட்ட தமது நூலில் இவ்வூரைப் பற்றியும் எழுதியுள்ளார். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 1820ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் ஸ்கடர் இங்கு வந்து தங்கிப் போதகமும் வைத்தியமும் செய்யலானார். அவரது மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1822 பெப்ரவரி 5ஆம் நாள் பண்டத்தரிப்பிலே பிறந்தார். பின்னாளில் தமிழகத்தில் ஆற்காட்டு மிஷன் அமைய முன்னின்றவர் இவரே.

ஆக, 1820களின் பண்டத்தரிப்பில் இருவேறு உலகத்துப் பிள்ளைகள் ஒரே வெயிலில் வளர்ந்தனர். அக்கால அமெரிக்க வழக்கப்படி ஆண் குழந்தைக்கும் நீண்ட கவுனையே அணிவிப்பர். சில வயது சென்ற பின்னரே காற்சட்டை போடுவர். காற்சட்டை போடும் நாள் அங்கு ஒரு சடங்குபோலவே கருதப்பட்டது. தமிழ்ப் பிள்ளைக்கோ அரைஞாண் கயிறே முதல் உடை. வசதியுள்ள வீட்டுப் பெண்குழந்தைக்கு வெள்ளி அரைமூடியும், ஆண்குழந்தைக்குக் கழுத்திற் பஞ்சாயுதமும் இருந்திருக்கும். சற்று வளர்ந்தபின் சிறுவனுக்குக் கோவணம், அதன்பின் நாலுமுழம். சிறுமிக்குச் சிறு துண்டு, பின்னர் பாவாடை. குடுமியும் கடுக்கனும் ஆண்பிள்ளைகளுக்கு உரியன. வெப்ப மண்டலத்து ஊரில், மணலில் விளையாடும் பிள்ளைக்கு இவ்வுடை எவ்வகையிலும் குறைவானதன்று. மேனாட்டார் சிலர் இதனை ‘நாகரிகமின்மை’ என்று கணித்தமை அவர்களது அறியாமையைக் காட்டுமேயன்றி வேறொன்றையும் காட்டாது.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் அரியேஸ் 1960இல் வெளியிட்ட நூலொன்றில், இடைக்கால ஐரோப்பாவிற் குழந்தைப் பருவம் எனத் தனியொரு பருவம் உணரப்படவில்லை என்றும், பிள்ளைகள் சிறு வளர்ந்தோராகவே உடுத்தப்பட்டனர் என்றும் வாதிட்டார். பின்வந்தோர் அவரைப் பலவிடத்து மறுத்துள்ளனர். எனினும், உடையைக் கொண்டு பருவத்தை ஆராயலாம் என்ற வழியைக் காட்டியவர்களுள் அவர் முக்கியமானவர். அவ்வழியே நாம் நடப்பின், யாழ்ப்பாணத்தில் வயதென்னும் கதவைத் தாண்டி வேறொரு கதவில் முட்டி நிற்கிறோம். அதுவே நான்காவது கதவு. அதன் பெயர் சாதி.

1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, நிலத்தையும் சீதனத்தையும் பற்றிக் கூறுவதோடு நில்லாது அடிமைகளைப் பற்றியும் கூறுகிறது. கோவியரும் நளவரும் பள்ளரும் அடிமைச் சாதியினராகக் கணிக்கப்பட்டிருந்தனர். இவ்வடிமைமுறை இலங்கையிற் சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1844ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன்னோடியாக 1821இல் ஆங்கிலேய அரசு ஓர் ஒழுங்கு செய்தது: இச்சாதிகளைச் சேர்ந்த அடிமைத் தாய்மாருக்குப் பிறக்கும் பெண்குழந்தைகளின் விடுதலையை அரசே உடைமையாளரிடம் விலைகொடுத்து வாங்கும் என்பதே அது. ஸ்கடர் பண்டத்தரிப்பிற் குடியேறிய மறு ஆண்டின் செய்தி இது. அரசின் பணத்தால் மீட்கப்பட்ட பெண்குழந்தைக்கு அவளது உடன்பிறந்த ஆண்குழந்தை அடிமை! இவ்விருவருக்கும் அரைஞாண் ஒன்றாகவே இருந்திருக்கும். அவர்களின் வாழ்வு ஒன்றாக இருக்கவில்லை.

ஒடுக்கப்பட்ட சாதியார் எதனை அணியலாகாது என்பதில் யாழ்ப்பாணத்து மேற்சாதியார் மிகவும் தெளிவாயிருந்தனர். ஆண்கள் இடுப்புக்கு மேல் உடுத்தலாகாது. தோளிற் சால்வை போடலாகாது. பெண்கள் ரவிக்கை அணியலாகாது. செருப்பு, குடை, பொன் நகை ஆகியனவும் விலக்கப்பட்டிருந்தன. இக்கட்டளைகள் இருபதாம் நூற்றாண்டிலும் அடிதடியாலும் தீவைப்பாலும் காக்கப்பட்டன. இங்கு ஒரு வேறுபாட்டை நாம் மறத்தல் கூடாது. வெற்று மார்பு அக்காலத்தில் எவர்க்கும் தானாக இழிவைத் தரவில்லை. மேற்சாதி ஆடவரும் வீட்டில் மேலாடையின்றியே இருந்தனர். ரவிக்கை எல்லாப் பெண்களுக்கும் பழக்கமானதும் பின்னாளிலேயே. ஆயின், அணியாதிருக்கும் வழக்கம் வேறு. அணியவிடாத கட்டளை வேறு. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒரு மார்பு காற்று வாங்குகிறது. மற்றொரு மார்பு பணிந்து நிற்கிறது. கணினியிற் சட்டை செய்பவர் இவ்வேறுபாட்டை எந்த நூலாலே தைப்பார்?

சான்றுகளின் குறைபாடும் இதனோடு சேர்ந்தது. பழைய படங்களை வரைவித்தவரும் பிடித்தவரும் பெரும்பாலும் ஆட்சியாளரும் போதகரும் வசதி படைத்தோருமே. ஒளிப்படம் எடுத்தல் செலவுமிக்க காரியமாயிருந்த காலத்தில், படம் பிடிக்கும் நாளன்று பிள்ளைக்குப் பெட்டியின் அடியிலிருந்த மிகச்சிறந்த உடுப்பையே அணிவித்தனர். அப்படத்தைப் பார்த்து ‘இதுவே 1900ஆம் ஆண்டின் சிறுவர் உடை’ என்று கொள்வோமாயின், விழாநாளை வேலைநாள் என்று கொண்டவராவோம். ஒரு வகுப்பாரை ஊர் முழுவதுமென்று கொண்டவராவோம். புகையிலைத் தோட்டத்திற்குப் பட்டை இறைத்த சிறுவன் படத்திற்கு வரவில்லை. பனையோலை சுமந்த சிறுமி வரவில்லை. அவர்கள் இல்லாத அலுமாரி அழகாயிருக்கலாம், உண்மையாயிராது.

மிஷன் பாடசாலைகள் இந்நிலையில் என்ன செய்தன? 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியும், 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையாரின் முயற்சியால் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. உடுவிலில் எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. பெண்பிள்ளையின் கையில் ஊசியும் ஏடும் ஒருங்கே வந்தமை சிறு காரியமன்று. மறுபுறத்தில், பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களும் அமெரிக்கப் போதகரின் பெயர்களும் சூட்டப்பட்டன.  பெயரும் ஓர் உடையே. வட்டுக்கோட்டையிற் கற்றோர் பெரும்பாலும் வேளாளர் வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்தமையையும் மறைப்பதற்கில்லை. சாதியின் கதவை மிஷன் தட்டியது. ஆனால் முழுவதும் திறந்துவிடவில்லை.

உடையின் ஆபத்தை உணர்ந்த மிஷனரியும் இருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், தமது மாணவர் கோட்டும் காற்சட்டையும் பூண்டு ஐரோப்பியரைப்போல நடப்பதை விரும்பவில்லை. கிறித்தவராவதற்காகத் தமிழர் தம் நாட்டியல்பை இழத்தலாகாது என்பது அவர் கொள்கை. போற்றத்தக்க கொள்கைதான். ஆயினும், காற்சட்டை ஒடுக்கப்பட்டவனுக்கு வேறோர் அர்த்தத்தைத் தந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணுதல் வேண்டும். வேட்டி எவ்வளவு நீளம் இருக்கலாம், சால்வை எங்கே இருக்கலாம் என்று ஊர் விதித்திருந்தது. காற்சட்டைக்கு அத்தகைய பழைய விதி எதுவும் இல்லை.

இந்நிலை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. கடலுக்கு அப்பால் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடினர். கிறித்தவராயினோர் குப்பாயம் அணியலாம் என 1814இல் ஓர் இளக்கம் கிடைத்தது. பின்னர் கலகங்களும் தாக்குதல்களும் நிகழ்ந்தன. 1859 யூலை 26ஆம் நாட் பிரகடனம் நாடார் பெண்கள் அனைவரும் மார்பை மறைக்கலாம் என்றது. அப்போதும் மேற்சாதிப் பெண்களைப்போல அணியலாகாது என்ற வரம்பை அது விடவில்லை. ஒரு முழத் துணிக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள்!

இளம்பருவத்தைப் பற்றியும் ஒரு சொல். விளையாட்டிலே அது தனியொரு பருவம். மேனாட்டிலும் அது சந்தைக்குரிய தனிப் பருவமாக வளர்ந்தது அண்மையிலேதான். பதின்வயதுப் பெண்களுக்கென அமெரிக்காவில் ‘செவன்ரீன்’ சஞ்சிகை தோன்றியது 1944இல். எமது பேச்சில் ‘குமர்’ என்றும் ‘இளந்தாரி’ என்றும் அழகிய சொற்கள் பழகிவருகின்றன. ஆனால் இவ்விரு சொற்களும் ஒரே சுமையைத் தாங்குவனவல்ல. இளந்தாரி என்றால் வலிமை. குமர் என்றால் கரையேற்றவேண்டிய பொறுப்பு. பெண் பெரியபிள்ளையானதும் சாமத்தியச் சடங்கு நடைபெறும். பாவாடை சட்டையோடு தாவணியும் சேரும். படலைக்கு வெளியே செல்லும் உரிமை குறையும். அவளது உடை மாற்றம் வயதைக் காட்டியதோடு திருமணச் சந்தையையும் காட்டியது. பெண்கள் பாடசாலைகள் பெருகிய பின்னரே, குழந்தைக்கும் மனைவிக்கும் இடையே மாணவி என்றொரு பருவம் அவளுக்கு வாய்த்தது. வயலிலும் தோட்டத்திலும் கூலிக்கு உழைத்த குடும்பத்துப் பெண்ணுக்கு அப்பருவம் மேலும் பல்லாண்டு பிந்தியே வந்தது.

1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையில் தேசிய உடையையும் தீண்டாமை ஒழிப்பையும் ஒருங்கே பேசியது. அதன் அழைப்பின்பேரில் 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். கதர் நிதிக்குப் பணம் திரட்டுவது அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. இக்காலத்தில் ஒரே துணி இரு வரலாறுகளைச் சுமந்ததைக் காண்கிறோம். கற்ற வேளாள இளைஞன் கோட்டைக் கழற்றிச் சால்வையைத் தோளிற் போட்டபோது, அது ஏகாதிபத்தியத்துக்கு எதிரான செயல். ஒடுக்கப்பட்ட இளைஞன் அதே சால்வையைத் தோளிற் போட்டபோது, அது தன் ஊர் எசமானுக்கு எதிரான செயல். முன்னவனுக்குக் கைதட்டல் கிடைத்தது; பின்னவனுக்கு அடி கிடைத்தது.

பிள்ளைகள் இப்போராட்டத்தின் நடுவிலேயே இருந்தனர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை நிலத்தில் இருத்தி ஏனையோரை வாங்கில் இருத்தும் வழக்கத்தை நிறுத்தி, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமஆசனம் அளிக்குமாறு 1929இல் அரசு பணித்தது. அதனை எதிர்த்தோர் 1930இற் பாடசாலைகளுக்குத் தீ மூட்டினர். வாங்கில் அமர்ந்த பிள்ளையின் சட்டையும், அப்பிள்ளை அமர்ந்த வாங்கும், அவ்வாங்கு இருந்த கூரையும் ஒரே பூட்டின் உறுப்புக்கள் என்பதைத் தீ வைத்தோர் நன்கு அறிந்திருந்தனர்.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1957இற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் தாளில் இருந்தமையால், 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகர்நோக்கி எழுந்த ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து பண்டத்தரிப்பின் அயலூரான சங்கானையிலும் 1968இல் மாவிட்டபுரத்திலும் நிகழ்ந்த போராட்டங்களும் தேவைப்பட்டன. தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழையும் உரிமைக்காக நிகழ்ந்த அப்போராட்டங்களில் தூய வேட்டியும் தோட் சால்வையும் அணிந்து நிமிர்ந்து நடந்தவர்கள், தம் உடையாலும் ஒரு கட்டளையை முறித்தனர்.

இவ்வரலாற்றின் பின்னணியில் நோக்கின், எமது பாடசாலைகளின் வெள்ளைச் சீருடைக்குத் தனிப்பொருள் உண்டு. சிறுவர்க்கு வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும், மேல்வகுப்பு மாணவர்க்கு வெள்ளை நீளக் காற்சட்டை, மாணவியர்க்கு வெள்ளைக் கவுனும் கழுத்துப் பட்டியும் இரட்டைப் பின்னலும். பழமை நாடுவோர்க்கு இது சுவையற்ற உடையாகத் தோன்றலாம். ஆயினும், நளவர் வீட்டுப் பிள்ளையும் வேளாளர் வீட்டுப் பிள்ளையும் ஒரே துணியை ஒரே அமைப்பில் உடுத்து ஒரே வாங்கில் அமர்தல், 1820ஆம் ஆண்டின் பண்டத்தரிப்பு கனவிலும் காணாத காட்சி. 1993 முதல் அரசு சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியை அடுத்து, 2023ஆம் ஆண்டுக்குரிய துணியின் பெரும்பகுதி சீனாவின் நன்கொடையாக வந்தது. சீருடை எல்லா ஏற்றத்தாழ்வையும் அழித்துவிட்டதென்று நாம் கூறவில்லை. சப்பாத்தின் தேய்வும் வெள்ளையின் பழுப்பும் வீட்டின் வறுமையை இன்றும் சொல்கின்றன. ஆனால், வறுமையைச் சொல்லும் துணி வேறு. தடையைச் சொல்லும் துணி வேறு.

மீட்டமைக்கும் முயற்சியை நாம் ஏன் வரவேற்கிறோம் என்பதையும் கூறவேண்டும். எமது சான்றுகள் பல அழிந்துவிட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, குடும்பப் படங்களும் பட்டுப் பாவாடைகளும் வீடுகளிலேயே கிடந்தன. திரும்பி வந்தோருட் பலர் அவற்றைக் காணவில்லை. இந்நிலையில், 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகத்திற் சேர்க்கப்பட்டுள்ள பாடசாலை மலர்களும் பழைய சஞ்சிகைகளும் பெறுமதிமிக்கவை. அவற்றினும் பெறுமதி வாய்ந்தது, எண்பது வயதைத் தாண்டிய பாட்டிமாரின் நினைவு. சீத்தைத் துணி எந்தக் கடையில் வாங்கப்பட்டது, ஒரு சட்டை எத்தனை உடன்பிறந்தாருக்குக் கைமாறியது, முதன்முதல் ரவிக்கை அணிந்தவளை ஊர் எவ்வாறு பார்த்தது என்பன எப்படத்திலும் இல்லை.

எனவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு பயிற்சியை எடுத்துரைக்கிறோம். மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆண்டைத் தேர்ந்து, அவ்வாண்டின் பண்டத்தரிப்பில் வாழ்ந்திருக்கக்கூடிய மூன்று பிள்ளைகளை உடுத்தட்டும்: மிஷன் வீட்டுப் பிள்ளை, நிலமுடையோர் பிள்ளை, அந்நிலத்தில் உழைத்தோர் பிள்ளை. கணினியில் உடுத்தினும் சரி, தாளில் வரைந்தாலும் சரி. ஒவ்வொரு பிள்ளையின் கீழும் இரண்டு வரி எழுதட்டும்: இப்பிள்ளை எதனை அணிந்தது? எதனை அணிய விடப்படவில்லை, யாரால்? முதல் வரியை எழுதப் படங்கள் உதவும். இரண்டாம் வரியை எழுத வரலாறு வேண்டும்.

இரண்டாம் வரியில்லாத பழமை இனிமையானது, ஆதலின் ஆபத்தானது. எல்லாரும் எல்லாம் உடுத்த ஒரு பொற்காலம் இருந்ததென்று அது எமது பிள்ளைகளை நம்பவைக்கும். அப்படியொரு காலம் எமக்குப் பின்னால் இருந்ததில்லை. விளையாட்டின் பூட்டை நிரலின் ஒரு திருத்தம் அகற்றிற்று. யாழ்ப்பாணத்துப் பூட்டை அசைத்தவர்கள் அடிபட்டனர். அவர்களது குடிசைகள் எரிந்தன. சிலர் உயிரையும் கொடுத்தனர். இன்று ஒரு சிறுமி அலுமாரியைத் திறந்து தான் விரும்பிய சட்டையை எடுப்பாளாயின், அக்கதவைத் திறந்த கைகளை அவள் அறிந்திருத்தல் வேண்டும். கதவு இன்னும் சிலவிடத்துப் பாதியே திறந்திருக்கிறது என்பதையும் அவள் அறிந்திருத்தல் வேண்டும். மீதியைத் திறக்கவேண்டிய கைகள் அவளுடையவை, அவளோடு ஒரே வாங்கில் அமர்ந்திருப்போருடையவை.